வரிசை கலைந்த ஊர்

வெவ்வேறு நேர மண்டலங்களிலிருந்து, சிலர் காலைக் காப்பியோடும் சிலர் தூக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டும் இணைந்திருக்கிறீர்கள். இன்று ஒரு திரைப்படத்தையும், 26 ஆண்டுகள் கழித்து அதே மனிதர்களைத் தேடிப்போன ஒரு தொலைக்காட்சித் தொடரையும் வைத்துக்கொண்டு ஒரு நகரத்தின் கதையைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். படம் 'தி ஃபுல் மான்டி', 1997. தொடரின் பெயரும் அதுவே, 2023. நகரம் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட்.

படத்தைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். வேலையிழந்த உருக்காலைத் தொழிலாளிகள் சிலர் பணத்துக்காகப் பெண்கள் முன்னால் மேடையில் ஆடையைக் களைந்து ஆடும் நகைச்சுவைப் படம் என்றுதான் நினைவிருக்கும். அது எப்படித் தொடங்குகிறது என்பது பலருக்கு மறந்திருக்கும். 1970களின் தொடக்கத்தில் ஷெஃபீல்ட் தன்னைப் பற்றி எடுத்துக்கொண்ட ஒரு விளம்பரப்படம் ஓடுகிறது. உருகிய எஃகு ஆறுபோல ஓட, கடைவீதிகளில் கூட்டம், நீச்சல் குளங்கள், புதிய குடியிருப்புகள். முன்னேறும் நகரம் என்று ஒரு குரல் பெருமையடிக்கிறது. திரை இருண்டு, 25 ஆண்டுகளுக்குப் பிறகு என்று எழுத்து வருகிறது. அடுத்த காட்சியில் அதே உருக்காலை காலியாகக் கிடக்கிறது. கேஸும் டேவும், கேஸின் சிறுவன் நேதனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அங்கே மிச்சமிருக்கும் இரும்பு உத்தரம் ஒன்றைத் திருடிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த 25 ஆண்டுகளுக்குள் என்ன நடந்தது என்பதைப் படம் சொல்வதில்லை. இங்கிலாந்துப் பார்வையாளனுக்குச் சொல்லத் தேவையில்லை. நமக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

ஷெஃபீல்டின் பெயரும் கத்தியும் ஒன்றாகவே வளர்ந்தவை. 14ஆம் நூற்றாண்டில் சாஸர் தன் கதையில் வரும் ஒருவனின் காலுறைக்குள் ஷெஃபீல்ட் கத்தியைச் செருகிவைத்தார். 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் மூசையில் எஃகை உருக்கும் முறையை அங்கேதான் கண்டுபிடித்தார். துருப்பிடிக்காத எஃகை 1913இல் ஹாரி பிரியர்லி வார்த்ததும் அங்கேதான். உங்கள் வீட்டுச் சமையலறையில் எவர்சில்வர் இருக்கிறதல்லவா, அதன் பூர்வீகம் அந்த ஊர்.

1967இல் பிரிட்டன் தன் பெரிய உருக்கு நிறுவனங்களை நாட்டுடைமை ஆக்கியபோது பிரிட்டிஷ் ஸ்டீலில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்தார்கள். 1988இல் அதைத் தனியாருக்கு விற்றபோது இருந்தவர்கள் ஐம்பதாயிரத்துச் சொச்சம். நடுவில், 1980 ஜனவரி 2ஆம் தேதி, 1926க்குப் பிறகு முதன்முறையாக நாடு முழுவதும் உருக்குத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. மூன்று மாதம் நீடித்தது. ஷெஃபீல்டில் ஹாட்ஃபீல்ட்ஸ் என்ற தனியார் ஆலையின் வாசலில் பிப்ரவரியில் பெரும் மறியல். சுரங்கத் தொழிலாளர்களை அழைத்துக்கொண்டு ஆர்தர் ஸ்கார்கில் வந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1984 ஜூனில், அதே வட்டாரத்தின் ஆர்க்ரீவில் போலீஸ் குதிரைகள் சுரங்கத் தொழிலாளர்கள்மீது பாய்ந்ததற்கு இதை ஒத்திகை என்று சொல்பவர்கள் உண்டு. கூலி கொஞ்சம் உயர்ந்து வேலைநிறுத்தம் முடிந்தது. ஆனால் ஆலைகள் மூடுவது நிற்கவில்லை. ஹாட்ஃபீல்ட்ஸும் சில ஆண்டுகளில் மூடப்பட்டது.

அந்த ஆலை இருந்த நிலத்தில் 1990 செப்டம்பரில் மெடோஹால் என்ற மாபெரும் வணிக வளாகம் திறந்தார்கள். உள்ளே ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. மூன்று உருக்குத் தொழிலாளிகள் மூசையிலிருந்து எஃகை ஊற்றுகிறார்கள். மறியல் நடந்த இடத்தில், காலணிக் கடைகளுக்கு நடுவே, தொழிலாளியைச் சிலையாக நிறுத்தியிருக்கிறார்கள். இதை யாராவது நாவலில் எழுதினால் மிகையாக இருக்கிறது என்று வெட்டிவிடச் சொல்வோம்.

இப்போது படத்துக்கு வருகிறேன். அதன் மிகப் புகழ்பெற்ற காட்சி மேடை ஆட்டமல்ல. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் உதவித்தொகைக்காக நிற்கிறார்கள். லண்டனிலிருந்து இணைந்திருக்கும் நண்பர்களுக்கு ஜாப் சென்டர் என்றால் போதும். வானொலியில் டோனா சம்மரின் டிஸ்கோ பாட்டு ஒன்று ஒலிக்கிறது. ஒத்திகை பார்த்த உடல்கள் தம்மையறியாமல் அசையத் தொடங்குகின்றன. ஒருவருக்குத் தோள், இன்னொருவருக்கு இடுப்பு. வரிசை முன்னே நகர நகர அசைவும் நகர்கிறது. யாரும் யாரையும் பார்த்துக்கொள்வதில்லை.

இந்தக் காட்சியில் எனக்கு ஆட்டத்தைவிட முக்கியம் அந்த வரிசை. வரிசை என்பது ஒரு நிறுவனம். 1911இல் கொண்டுவந்த தேசியக் காப்பீட்டுச் சட்டத்திலிருந்து வருகிற ஒன்று. வேலையில்லாதவன் குறித்த நாளில், குறித்த சன்னலுக்கு வந்து கையெழுத்துப் போட்டுத் தன் தொகையைக் கேட்கவேண்டும். இதில் அவமானம் உண்டு. ஃபோர்மனாக இருந்த ஜெரால்ட் வேலை போனதை ஆறு மாதமாக மனைவியிடம் சொல்லாமல் தினமும் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வெளியே போவது அந்த அவமானத்தால்தான். ஆனால் அந்த வரிசையில்தான் அவர் தன் கீழே வேலை செய்தவர்களுக்குப் பக்கத்தில் நிற்க நேர்கிறது. ஆலை இல்லாமல் போன பிறகு தொழிலாளிகளை ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கூட்டிவைத்த கடைசி இடம் அந்த அலுவலகம். கூட்டமாக இருந்ததால்தான் ஆட முடிந்தது. தனியாக நிற்கும் ஒருவன் தோளை அசைத்தால் அது கிறுக்கு.

படத்தில் இன்னும் சில பழைய அமைப்புகள் உயிரோடு இருக்கின்றன. ஆலையின் பெயரில் இன்னமும் இயங்கும் பிராஸ் பேண்ட் ஒன்று இருக்கிறது. லோம்பர் அதில் வாசிக்கிறான். காலி ஆலைக்குக் காவலாளியும் அவன்தான். அதாவது இல்லாத வேலையைக் காவல் காப்பதே அவன் வேலை. தொழிலாளர் மன்றம் இருக்கிறது. பீர், பிங்கோ, சனிக்கிழமைப் பாட்டுக் கச்சேரி. கதைக்குத் தூண்டுகோலே அந்த மன்றத்தில் ஆண் ஆட்டக்காரர்களைப் பார்க்கப் பெண்கள் திரண்டதுதான். தங்கள் இடம் பறிபோய்விட்டதென்று கேஸ் கொதிக்கிறான். ஒரு தகவல்: இம்மன்றங்களின் கூட்டமைப்பு 1862இல் தொடங்கியது. பெண்களுக்கு அதில் சம உரிமையுள்ள உறுப்பினர் தகுதி கிடைத்தது 2007இல். கேஸ் கோபப்பட்ட 1997இல் அந்தப் பெண்கள் சட்டப்படியே அங்கே விருந்தாளிகள்தான்.

படம் பிரிட்டனில் 1997 ஆகஸ்ட் 29 அன்று வெளியானது. இரண்டு நாள் கழித்து இளவரசி டயானா இறந்தார். நாடே அழுதுகொண்டிருந்த வாரத்தில் மக்கள் இந்தப் படத்துக்குப் போய்ச் சிரித்தார்கள். மே மாதம்தான் டோனி பிளேர் வென்றிருந்தார், 18 ஆண்டு பழமைவாத ஆட்சி முடிந்திருந்தது. அந்த மனநிலைக்கு இது பொருந்தியது. கஷ்டகாலம் முடிந்துவிட்டது, இனி அதைப் பார்த்துச் சிரிக்கலாம். சுமார் முப்பத்தைந்து லட்சம் டாலரில் எடுத்த படம் உலகெங்கும் 25 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. சிறந்த படத்துக்கான பாஃப்டா விருது, ஆஸ்கரில் சிறந்த படத்துக்கான பரிந்துரை, இசைக்கு ஆஸ்கர்.

அதன்பின் நடந்தது எனக்கு வரலாற்று ஆவணமாகவே படுகிறது. 1998 நவம்பரில், தன் ஐம்பதாவது பிறந்தநாளையொட்டி ஷெஃபீல்டுக்கு வந்த இளவரசர் சார்லஸ் அந்த உதவித்தொகை வரிசைக் காட்சியைத் தானும் நின்று நடித்துக்காட்டினார். பத்திரிகைகள் மகிழ்ந்தன. 2000இல் கதை பிராட்வேயில் இசைநாடகமானது. அங்கே ஷெஃபீல்டை எடுத்துவிட்டு, ஆலைகள் மூடிக்கிடந்த அமெரிக்காவின் பஃபலோ நகரத்தை வைத்தார்கள். எதுவும் குறையவில்லை. உருக்காலை மூடிய ஊர் உலகத்தில் எங்கும் கிடைக்கும். இப்படி வேலையின்மை ஒரு வேடிக்கை உடையானது. திருமணத்துக்கு முந்தைய இரவுக் கொண்டாட்டங்களில் ஆண்கள் போலீஸ் தொப்பி போட்டுக்கொண்டு அந்த ஆட்டத்தை ஆடினார்கள்.

படத்தின் முடிவு இதற்கு இடம்கொடுத்தது என்றும் சொல்லவேண்டும். கடைசித் தொப்பியும் பறக்கிறது, பின்புறத்திலிருந்து படம் அப்படியே உறைந்து நிற்கிறது. அடுத்த திங்கட்கிழமை என்ன ஆனது? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மகனைப் பார்க்கும் உரிமைக்காகக் கேஸ் கட்டவேண்டிய ஜீவனாம்ச நிலுவை 700 பவுண்ட். டிக்கெட் 10 பவுண்ட் வீதம் 400 பேர் வந்தார்கள் என்று தாராளமாக வைத்துக்கொண்டால் 4,000 பவுண்ட். ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 666. பழைய கடன்கூட அடையாது. உறைந்த அந்தச் சட்டகத்துக்கு வெளியே எல்லாம் பழையபடியே இருந்திருக்கும்.

2023 ஜூனில் வந்த தொடர் அந்தத் திங்கட்கிழமையில்தான் தொடங்குகிறது, 26 ஆண்டு தாமதமாக. எட்டுப் பகுதிகள். படத்தை எழுதிய அதே சைமன் போஃபாய், இம்முறை ஆலிஸ் நட்டருடன் சேர்ந்து எழுதினார். போஃபாய் நமக்கும் கொஞ்சம் உறவு. ரஹ்மானுக்கு ஆஸ்கர் கிடைத்த 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்குத் திரைக்கதை எழுதி அதே மேடையில் ஆஸ்கர் வாங்கியவர். ஆலிஸ் நட்டரின் கதை இன்னும் சுவாரசியம். அவர் சம்பவாம்பா என்ற அராஜகவாத இசைக்குழுவில் பாடியவர். அவர்களுடைய மிகப் பெரிய வெற்றிப்பாடல் வெளியானதும் 1997 ஆகஸ்ட் மாதத்தில்தான். அடுத்த பிப்ரவரியில் பிரிட் விருது விழாவில் அந்தக் குழுவைச் சேர்ந்த ஒருவர் லேபர் கட்சியின் துணைப் பிரதமர் ஜான் பிரெஸ்காட்டின் தலையில் ஒரு வாளி தண்ணீரைக் கவிழ்த்தார். லிவர்பூல் துறைமுகத் தொழிலாளர்களைக் கட்சி கைவிட்டது என்பது கோபம். படம் வெளியான காலத்தின் உற்சாகத்தை அன்றே நம்பாத ஒருவரைத் தொடருக்கு எழுத வைத்திருக்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். படத்தைத் தயாரித்த ஃபாக்ஸ் சர்ச்லைட் இதற்குள் டிஸ்னி கைக்குப் போயிருந்தது. எனவே உதவித்தொகை வரிசையில் நின்ற மனிதர்களின் மறுவருகையை நமக்குக் காட்டியது மிக்கி மவுஸின் கம்பெனி.

தொடரின் தொடக்கத்தில் ஒரு கிண்டல் வருகிறது. படத்திலிருந்து இன்றுவரை ஏழு பிரதமர்கள், வடக்கை மீட்டெடுக்கும் எட்டுத் திட்டங்கள் என்று. பிரதமர்களை எண்ணிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. பிளேரிலிருந்து சுனக் வரை ஏழு. திட்டங்களில் 'வடக்கின் ஆற்றல்நிலையம்', 'மேடுபள்ளம் நிரவுதல்' போன்ற பெயர்கள் செய்திகளில் உங்கள் காதிலும் விழுந்திருக்கும்.

இவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? கேஸ் ஒரு மனநல மருத்துவமனையில் கடைநிலை ஊழியர். டேவ் ஒரு பள்ளிக்கூடத்தின் பராமரிப்பாளர். அவருடைய மனைவி ஜீன் அங்கே தலைமையாசிரியை. லோம்பர், தன் கணவர் டென்னிஸோடு ஒரு தேநீர்க்கடை நடத்துகிறார். படத்தில் தற்கொலைக்கு முயன்றவர் லோம்பர் என்பதை நினைத்துப் பார்த்தால் அவர் பிழைத்து, மணம் செய்துகொண்டு, கல்லாவில் நிற்பதே ஒரு நல்ல செய்தி. நேதன் போலீஸ்காரர் ஆகிவிட்டார். திருட்டுக்குத் துணைபோன பையன்! கேஸுக்கு டெஸ்டினி என்று பதின்வயது மகள், அப்பாவின் சுபாவம் அப்படியே.

கவனித்தீர்களானால், கிட்டத்தட்ட எல்லோருக்கும் வேலை இருக்கிறது. இதுதான் தொடர் சொல்லும் வரலாற்றின் மையம். 1997இல் இவர்களுக்கு வேலை இல்லை, ஆனால் சுற்றியிருந்த ஊர் ஓரளவு வேலை செய்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடம் இருந்தது, அலுவலகத்தில் கவுண்டர் இருந்தது, அதன் பின்னால் முகத்தைச் சுளிக்கவாவது ஒரு மனிதர் இருந்தார். 2023இல் இவர்களுக்கு வேலை இருக்கிறது, சுற்றியிருக்கும் எல்லாம் கழன்றுகொண்டிருக்கிறது. அந்தக் கழன்றுவிழும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் முட்டுக்கொடுத்து நிறுத்திவைப்பதே இவர்கள் வேலை. டேவின் பள்ளிக் கட்டடம் சிதிலமாகிக்கொண்டிருக்கிறது. தொடர் வந்து மூன்று மாதம் ஆவதற்குள், 2023 ஆகஸ்ட் கடைசி நாளில், கான்கிரீட் இடிந்து விழலாம் என்று இங்கிலாந்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளின் கட்டடங்களை அரசாங்கமே மூடச் சொன்னது. மிகைப்படுத்திவிட்டார்கள் என்று தொடரைச் சொல்லமுடியாமல் போயிற்று.

ஹார்ஸ் ஒருவர்தான் விதிவிலக்கு. இன்று முக்கியமாகப் பேச நினைத்தது இவரைப் பற்றித்தான்.

படத்தில் ஹார்ஸ் அந்தக் குழுவின் கறுப்பினத்தவர், வயதானவர். தேர்வுக்கு வந்து, இடுப்பு வலியோடு பழைய ஆட்டங்களையெல்லாம் ஆடிக்காட்டி அசத்துபவர். கேஸின் முன்னாள் மனைவியை நமக்குத் தெரியும், டேவின் மனைவியை, ஜெரால்டின் மனைவியை, லோம்பரின் படுத்த படுக்கையான தாயைத் தெரியும். ஹார்ஸைப் பற்றி அவர் பட்டப்பெயரும் இடுப்பும்தான் தெரியும். அவருடைய உறவுக்காரப் பெண்கள் ஒத்திகை பார்க்க வந்து உட்காருகிறார்கள், அவ்வளவுதான். படத்தின் குறை என்று இதைச் சொல்வேன். அன்று அதை யாரும் குறையாகப் பார்க்கவில்லை என்பதும் வரலாறுதான்.

அந்த இடுப்பு என்ன ஆனது என்று தொடர் கேட்கிறது. ஹார்ஸ் இப்போது மின்சார நாற்காலி வண்டியில் நடமாடுகிறார், மாற்றுத்திறனாளி உதவித்தொகையை நம்பி வாழ்கிறார். இங்கே படத்துக்கும் தொடருக்கும் நடுவில் பிரிட்டனில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். ஆலைகளும் சுரங்கங்களும் மூடிய ஊர்களில், வேலையில்லாதோர் வரிசையில் நின்ற நடுவயது ஆண்கள் எங்கே போனார்கள்? புள்ளிவிவரத்தில் வேலையின்மை குறைந்தது, ஆனால் வேலைகள் அந்த அளவுக்குக் கூடவில்லை. ஷெஃபீல்ட் ஹாலம் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா பீட்டி, ஸ்டீவ் ஃபாதர்கில் இருவரும் 1990களிலிருந்து இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். அவர்களுடைய விடை: பலர் ஒரு பட்டியலிலிருந்து இன்னொரு பட்டியலுக்கு நகர்ந்தார்கள். வேலையில்லாதவர் என்ற பட்டியலிலிருந்து உடல்நலமற்றவர் என்ற பட்டியலுக்கு. பொய் நோயல்ல. உருக்காலையில் இருபது வருடம் நின்றவனுக்கு முதுகோ முழங்காலோ நுரையீரலோ ஏதாவது ஒன்று போயிருக்கும். ஆலை ஓடிக்கொண்டிருந்தால் அவனுக்கு ஓர் எளிய வேலையைக் கொடுத்து உட்கார வைத்திருப்பார்கள். ஆலை இல்லாதபோது அவன் நோயாளி. அரசாங்கத்துக்கும் இது வசதியாக இருந்தது. நோயாளிகள் வேலையின்மைக் கணக்கில் வரமாட்டார்கள். 2000களில் அந்தப் பட்டியலில் சுமார் 26 லட்சம் பேர் இருந்தார்கள்.

பிறகு அதே அரசாங்கம் இத்தனை நோயாளிகளா என்று திடுக்கிட்டது. 2008இல், லேபர் ஆட்சியிலேயே, வேலைத்திறன் மதிப்பீடு என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கையை எவ்வளவு உயரம் தூக்கமுடியும், எத்தனை மீட்டர் நடக்கமுடியும், மதிப்பெண் 15 வந்தால் உதவி, 14 வந்தால் இல்லை. மதிப்பிடும் வேலையை அட்டோஸ் என்ற பிரெஞ்சுக் கணினி நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள், 2015இல் அது அமெரிக்காவின் மேக்ஸிமஸ் கைக்கு மாறியது. 2013இல் மாற்றுத்திறனாளிகளுக்கான பழைய தொகையை மாற்றிப் புதியதொரு மதிப்பெண் முறை வந்தது. அதே ஆண்டில் பல உதவிகளை ஒன்றாக்கி, முதன்மையாக இணையவழியில் கோரவேண்டிய யுனிவர்சல் கிரெடிட். கென் லோச் 2016இல் எடுத்த 'ஐ, டேனியல் பிளேக்' இந்த இயந்திரத்தைப் பற்றியதுதான், கான் விழாவில் தங்கப் பனை வாங்கியது.

இந்த இயந்திரத்தில்தான் ஹார்ஸ் மாட்டுகிறார். இன்னும் பார்க்காதவர்கள் மன்னிக்கவேண்டும், இதைச் சொல்லாமல் தொடரைப் பற்றிப் பேச இயலாது: ஹார்ஸ் இறந்துபோகிறார். நண்பர்கள் கெட்டவர்கள் அல்ல. ஒவ்வொருவருக்கும் ஒரு ஷிஃப்ட், ஒரு குடும்பச் சிக்கல், ஒரு அவசரம். ஹார்ஸ் தன் கஷ்டத்தைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளும் ஆளும் அல்ல. 1997ஆக இருந்திருந்தால் அவர் பணம் நின்றுபோனது மறுநாளே எல்லோருக்கும் தெரிந்திருக்கும், ஏனென்றால் எல்லோரும் அதே அறையில் அதே வரிசையில் நின்றிருப்பார்கள். இப்போது அவரவர் உதவிக் கணக்கு அவரவர் கடவுச்சொல்லுக்குள் இருக்கிறது. ஒரு சலுகையை ஒழிப்பதைவிட அதன் வரிசையைக் கலைத்துவிடுவது எளிது. அப்போது யார் விழுந்தாலும் பக்கத்தில் நிற்பவன் என்று ஒருவன் இருக்கமாட்டான். தொடரில் என்னை உண்மையாகவே உலுக்கிய பகுதி இதுதான். படம் அலட்சியமாக ஓரத்தில் நிறுத்தியிருந்த மனிதரைத் தேர்ந்தெடுத்து, போஃபாயும் நட்டரும் காலத்தின் முழுச் செலவையும் அவர் கணக்கில் எழுதியிருக்கிறார்கள்.

பெண்களுக்கு இம்முறை கொஞ்சம் கூடுதலாக இடம் கிடைத்திருக்கிறது. படத்தில் ஜீன், கணவன் தன் உடம்பைப் பார்த்துத் தானே வெட்கப்படுவதைப் பொறுத்துக்கொள்ளும் மனைவி. தொடரில் ஒரு பள்ளியைச் சுமப்பவர், குழந்தையை இழந்த துக்கத்தைச் சுமப்பவர், அந்தத் துக்கத்தைப் பேசத் தெரியாத டேவையும் சேர்த்துச் சுமப்பவர். லெஸ்லி ஷார்ப்பின் நடிப்பு இந்தத் தொடரில் மிகச் சிறந்தது என்பது என் கட்சி. ஷெஃபீல்டின் மத்தியில், பார்க்கர்ஸ் பூல் சதுக்கத்தில், 2016இல் ஒரு சிலை வைத்தார்கள். இரண்டு உலகப் போர்களிலும் உருக்காலைகளில் வேலைசெய்த பெண்களுக்கானது. போர் முடிந்து ஆண்கள் திரும்பியதும் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உருக்கு ஆண்களின் உலகம் என்று படமும் நாமும் நம்பியதற்குப் பின்னால் அப்படி ஒரு வெளியேற்றம் இருக்கிறது.

தொடர் முழுவதும் நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். பந்தயப் புறா, கடத்தப்பட்ட நாய் என்று சில கிளைக்கதைகள் பகுதிகளை நிரப்பும் பஞ்சுதான். எல்லோரும் ஒன்றாக இருக்கும் காட்சிகள் மிகக் குறைவு, கதை சிதறுகிறது என்று விமர்சகர்கள் குறைப்பட்டார்கள். பாதி சரி. இன்னொரு பாதிக்கு எழுதியவர்களைக் குறைசொல்ல முடியாது. ஒரே ஆலையிலிருந்து ஒரே நாளில் வெளியேற்றப்பட்டவர்களை ஒரே கதையில் கட்டலாம், 91 நிமிடத்தில் முடித்துவிடலாம். மருத்துவமனை, பள்ளி, தேநீர்க்கடை, போலீஸ் என்று பிரிந்து கிடப்பவர்களுக்கு எட்டுப் பகுதிகள் பிடிக்கின்றன, அப்போதும் ஒன்றுகூட மாட்டேன் என்கிறார்கள்.

இப்படித் திரும்பிப் போய்ப் பார்க்கும் பழக்கம் பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்குப் புதிதல்ல. 1964இல் ஏழு வயதுக் குழந்தைகள் சிலரைப் படம்பிடித்து, ஏழாண்டுக்கு ஒருமுறை போய்ப் பார்த்த 'செவன் அப்' ஆவணத்தொடர் 2019 வரை, அவர்களுக்கு 63 வயது ஆகும்வரை வந்தது. ஷேன் மெடோஸ் தன் 'திஸ் இஸ் இங்கிலாந்து' படத்தின் இளைஞர்களை மூன்று தொடர்களில் பின்தொடர்ந்தார். அவரவர் வாழ்க்கை கண்முன்னால் வளர்வதை அவற்றில் பார்த்தோம். 'ஃபுல் மான்டி'யில் நடந்தது வேறு. நடுவில் 26 ஆண்டுகள் யாரும் போய்ப் பார்க்கவில்லை. அந்த இடைவெளியையே நடிகர்களின் முகத்தில் பார்க்கிறோம். ராபர்ட் கார்லைலின் ஒட்டிய கன்னமும், பால் பார்பரின் நடையும் எந்த ஒப்பனைக்காரரும் செய்ய முடியாதவை. படத்தில் சிறுவன் நேதனாக நடித்தவரே தொடரில் தாடியும் சீருடையுமாக வந்து நிற்கும்போது எனக்கு என் வயதும் சேர்ந்தே தெரிந்தது.

ஊரைப் பற்றி ஒன்றிரண்டு வார்த்தை. ஷெஃபீல்டில் உருக்கு அடியோடு அழிந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். அணுநீர்மூழ்கிகளுக்கான பாகங்களை வார்க்கும் ஃபோர்ஜ்மாஸ்டர்ஸ் ஆலை இன்றும் ஓடுகிறது. 2021இல் பாதுகாப்பு அமைச்சகம் அதைச் சத்தமில்லாமல் நாட்டுடைமை ஆக்கியது. சந்தை பார்த்துக்கொள்ளும் என்று 1988இல் சொன்னவர்களின் கட்சிதான் அப்போதும் ஆட்சியில். குதிரைப்படை பாய்ந்த ஆர்க்ரீவ் நிலத்தில் இன்று புதிய வீடுகளும் உயர்தொழில்நுட்ப ஆய்வுக்கூடமும் இருக்கின்றன. 1972 விளம்பரப்படத்தின் குரலுக்கு மறுபடியும் வேலை கிடைக்கலாம்.

ஜெரால்டாக நடித்த டாம் வில்கின்சன் 2023 டிசம்பர் 30 அன்று, தொடர் வெளியான ஆறு மாதத்தில், தன் 75ஆவது வயதில் காலமானார். அவர் கடைசியாக நடித்த பாத்திரங்களில் ஜெரால்டும் ஒன்று. படத்தில் பால்ரூம் நடனம் தெரிந்தவர் அவர்தான், மற்றவர்களுக்குக் காலடி சொல்லிக்கொடுத்தவர், பழைய தகுதிக்கேற்ற வேலை கிடைத்துவிட்டும் ஆட வந்தவர். தொடரில் அவருக்கென்று பெரிய கதை எதுவும் வைக்கவில்லை. லோம்பரின் கடையில் ஒரு மேசையைப் பிடித்து உட்கார்ந்துகொள்கிறார். வருகிறவர் போகிறவரிடம் குறைசொல்கிறார். தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது, எழுந்து போகச்சொல்லி அவரை யாரும் கேட்பதில்லை.